வரி தவிர்ப்பு சட்டப்படி சரி, நியாயப்படி? ஹட்டனில் கேட்ட கேள்விகள்

ஹட்டனில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடி சம்பளச் சிட்டை, சேமலாப நிதி, வங்கிக் கடன் என்று கணக்கு விஷயங்கள் பேசுவோம். தோட்டத்தில் வேலை செய்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். நான் பதினைந்து வருடமாகக் கணக்கு வேலை பார்ப்பவன். பெரிய கம்பனிகள் இலாபத்தை நாடுவிட்டு நாடு நகர்த்தி வரியைக் குறைத்துக்கொள்வது பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. அப்புறம் மூன்று வாரம் அதே பேச்சுதான். அங்கே கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வரி ஏய்ப்பு, வரி தவிர்ப்பு – இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வருமானத்தை மறைப்பது, பொய்க் கணக்குக் காட்டுவது, இரண்டு புத்தகம் வைப்பது எல்லாம் ஏய்ப்பு. அது குற்றம். தவிர்ப்பு என்றால் எதையும் மறைக்காமல், சட்டத்தில் இருக்கிற வழிகளையும் ஓட்டைகளையும் பார்த்து, வரி குறைவாக வரும்படி விஷயங்களை அமைத்துக்கொள்வது. அதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை.

ஒரு கம்பனி 100 டொலர் சரக்கை ஏற்றிவிட்டு 70 டொலர் என்று பில் எழுதி, மிச்ச 30 டொலரை வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிக்கொண்டால் அது ஏய்ப்பு. வகுப்பில் பலர் இதைத்தான் ‘வரி தவிர்ப்பு’ என்று நினைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஏய்ப்பைப் பற்றியது இல்லை, தவிர்ப்பைப் பற்றியது. அங்கேதான் சட்டம் ஒரு பக்கமும் மனச்சாட்சி ஒரு பக்கமும் இழுக்கிறது.

கொழுந்து பறிக்கிற எங்களுக்கு இதில் என்ன வந்தது? நாங்கள் வரியே கட்டுவதில்லையே?

கட்டுகிறீர்கள். வருமான வரிதான் கட்டுவதில்லை. 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 சதவீதம். சவர்க்காரம், பிஸ்கட், போன் ரீலோட் எதுவாக இருந்தாலும் விலைக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. கொழும்பில் கோடி கோடியாக இலாபம் பார்க்கிறவருக்கும் அதே 18தான், நாளுக்கு 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று 2024இல் வர்த்தமானியில் போடப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கும் அதே 18தான். கொழும்புக்காரர் உழைப்பதில் சின்னப் பங்கைத்தான் கடையில் செலவு செய்கிறார். நீங்கள் கிட்டத்தட்ட முழுவதையும் செலவு செய்கிறீர்கள்.

இலங்கை அரசாங்கம் வசூலிக்கும் வரியில் பெரும்பகுதி இப்படிப் பொருட்கள் மேலும் சேவைகள் மேலும் விழுகிறது. கம்பனி இலாபத்தில் வரவேண்டியது வராவிட்டால் அந்தப் பள்ளத்தை இதை வைத்துத்தான் நிரப்புவார்கள். இது ஊகம் இல்லை, நாம் கண்ணால் பார்த்தது. 2019 டிசம்பரில் வற் வரியை 15இல் இருந்து 8 ஆக இறக்கினார்கள், கம்பனி வரியையும் குறைத்தார்கள். 2022இல் நாட்டு உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 9 ரூபாய்கூட அரசாங்க வருமானமாக வரவில்லை. அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அப்புறம் வற் 12, 15, 18 என்று ஏறியது. மருந்து இல்லாத ஆஸ்பத்திரியும் மண்ணெண்ணெய் வரிசையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

இலாபத்தை எப்படி இன்னொரு நாட்டுக்கு நகர்த்த முடியும்? அது என்ன மூட்டையா?

இதற்கு நான் எப்போதும் பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையான கொழுந்து மடுவத்தில் இருந்துதான் தொடங்குவேன்.

ஏழாம் ஆண்டு படிக்கும்போது லீவு நாட்களில் அம்மாவுக்குச் சாக்கு தூக்கிக்கொடுக்க மலைக்குப் போவேன். பகல் நிறுவைக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். தொங்கு தராசின் முள் 20இல் நிற்கும். நானே பார்ப்பேன். நிறுப்பவர் “பதினேழு” என்று சத்தமாகச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் 17 என்று எழுதுவார். ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று, முத்தல் இலைக்கு ஒன்று. எங்கள் மலையில் அப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. மூன்று கிலோ போனதால் அம்மாவுக்கு அன்று அரைப்பேர். மழையே பெய்யாத நாளிலும் ஈரத்துக்கு ஒரு கிலோ போகும். அம்மா ஒன்றும் பேசாமல் வெறும் சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு திரும்ப மலைக்கு ஏறுவார். கொழுந்தை வாங்குகிறவர் கையில்தான் தராசும் இருந்தது, பேனாவும் இருந்தது.

பன்னாட்டுக் கம்பனிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே முதலாளிக்கு மூன்று நாட்டில் மூன்று கம்பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கிற கம்பனி சரக்கை உற்பத்தி செய்து, வரி குறைந்த நாட்டில் இருக்கிற தன் தங்கைக் கம்பனிக்குக் குறைந்த விலைக்கு விற்கிறது. தங்கைக் கம்பனி அதை உண்மையான சந்தை விலைக்கு மூன்றாவது நாட்டில் விற்கிறது. சரக்கு கப்பலில் நேராக மூன்றாவது நாட்டுக்குத்தான் போகும், நடுவில் இருக்கிற நாட்டின் கரையைக்கூடத் தொடாது. கணக்கு மட்டும் அங்கே இறங்கி இலாபத்தை இறக்கிவைத்துவிட்டுப் போகும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள் என்பதால் விலையை அவரே எழுதிக்கொள்கிறார். இதற்குப் பரிமாற்ற விலை என்று பெயர்.

சரக்கில் மட்டும் இல்லை. பெயரைப் பாவிப்பதற்கு றோயல்டி, ஆலோசனைக்கு முகாமைக் கட்டணம், தலைமைக் கம்பனி கொடுத்த கடனுக்கு வட்டி என்று பல வழி உண்டு. இவை எல்லாம் இங்கே செலவாகக் கழியும், அங்கே வருமானமாகச் சேரும்.

பிரித்தானியாவில் ஸ்டார்பக்ஸ் கோப்பிக்கடைகள் 14 வருடத்தில் 300 கோடி பவுணுக்கு மேல் விற்பனை செய்து, கம்பனி வரியாகக் கட்டியது 86 இலட்சம் பவுண்தான் என்று 2012இல் வெளியே வந்தது. பெயருக்கான றோயல்டி நெதர்லாந்துக்குப் போனது. கோப்பிக் கொட்டையைச் சுவிட்சர்லாந்தில் இருக்கிற குழுமக் கம்பனி வாங்கி 20 சதவீதம் கூட்டி விற்றது. கொட்டை சுவிட்சர்லாந்துக்குப் போகவே இல்லை. விசாரித்த பாராளுமன்றக் குழுவின் முன்னால் கூகுளும் நின்றது. குழுவின் தலைவர் மார்கரெட் ஹொட்ஜ் கூகுள் பிரதிநிதியிடம், நீங்கள் சட்டத்தை மீறினீர்கள் என்று நாங்கள் குற்றம்சாட்டவில்லை, ஒழுக்கம் தவறினீர்கள் என்றுதான் குற்றம்சாட்டுகிறோம் என்று நேராகவே சொன்னார். அடுத்த மாதமே ஸ்டார்பக்ஸ் இரண்டு வருடத்தில் 2 கோடி பவுண் கட்டுவதாக அறிவித்தது. எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. கடைக்கு வருகிறவர்களின் கோபம் செய்த வேலை அது.

எங்கள் தேயிலையிலும் இப்படி நடக்கிறதா?

எந்தக் கம்பனி மேலும் நான் விரல் நீட்டப் போவதில்லை. ஆதாரம் கையில் இல்லாமல் பேசக்கூடாது. எங்கே நடக்கக் கடினம், எங்கே சுலபம் என்று மட்டும் சொல்கிறேன்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதில் இருந்து நம் மலைத் தேயிலை வெளிநாட்டுக் கணக்குப் புத்தகங்களோடு பின்னிக்கிடக்கிறது. ஸ்டெர்லிங் கம்பனிகள் என்று சொல்வார்களே, அவற்றின் தோட்டம் இங்கே, பங்குதாரர் இலண்டனில். 1975இல் அந்தத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் முகாமை திரும்பத் தனியார் கைக்கு, பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது.

ஆனால் தேயிலைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1883இல் இருந்து கொழும்பில் ஏலம் நடக்கிறது. டிக்கோயா ஒரேஞ்ச் பெக்கோவுக்கோ நுவரெலியாத் தூளுக்கோ இந்த வாரம் என்ன விலை போனது என்று யாரும் பார்க்கலாம். பலர் கூடி ஏலம் கேட்கும் இடத்தில் விலையைத் தனியாகக் குறைத்து எழுதுவது கடினம். மடுவத்துத் தராசுக்குப் பக்கத்தில் இன்னொரு நல்ல தராசு வைத்த மாதிரி.

சுலபமான இடம் ஏலத்துக்குப் பிறகு வருகிறது. ஏலத்தில் வாங்கின தூள் கலந்து, பொதிசெய்து, பெயர் போட்டு வெளிநாட்டுக் கடைத் தட்டுக்குப் போகும்வரை விலை பல மடங்கு ஏறும். பெயருக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு பெறுமதி? அதற்கு ஏலம் கிடையாது. கம்பனி சொல்வதுதான் விலை.

உலகச் சந்தை விலை தெரிந்த சரக்கில்கூட இந்த வேலை நடந்திருக்கிறது. செம்பு விலை எல்லோருக்கும் தெரியும். சாம்பியாவின் மொபானி சுரங்கம், தன் தாய்க் கம்பனியான கிளென்கோருக்குச் சந்தைக்குக் கீழான விலையில் செம்பு விற்றது என்று அந்த நாட்டு வரித் திணைக்களம் வழக்காடியது. 2020இல் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் திணைக்களத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெல்ல முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சட்டம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறது?

சும்மா இல்லை. ஆனால் பின்னால்தான் ஓடுகிறது.

ஆங்கிலச் சட்டத்தில் புகழ்பெற்ற ஒரு வழக்கு இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் தோட்டக்காரருக்குச் சம்பளமாகக் கொடுக்க வேண்டிய காசை, ஒப்பந்தப்படி வருடாவருடம் கொடுக்கும் தொகை என்று எழுதி வரியைக் குறைத்தார். தோட்டக்காரர் அதே வேலைதான் செய்தார், அதே காசுதான் வாங்கினார். மாறியது தாளில் இருந்த பெயர் மட்டும். 1935இல், அப்போது அங்கே ஆக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பிரபுவின் பக்கம் நின்றது. வரி குறையும்படி தன் விவகாரங்களை அமைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் வரி ஆலோசகர்கள் வாயில் முதலில் வருவது இதுதான். 1981இல் ராம்சே வழக்கில் அதே சபை கொஞ்சம் திரும்பியது. ஒவ்வொரு தாளாகப் பார்க்காமல் முழு ஏற்பாட்டையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்றது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வரியைத் தவிர்ப்பதற்கென்றே செய்யப்படும் ஏற்பாடுகளைத் திணைக்களம் ஒதுக்கிவைக்க அதில் இடம் இருக்கிறது. தொடர்புடைய கம்பனிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்தால், முன்பின் தெரியாத இரண்டு பேர் பேரம் பேசியிருந்தால் என்ன விலை வருமோ அந்த விலையில்தான் கணக்குப் போட வேண்டும்.

எழுதப்பட்ட விதி எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கென்யாவைப் பாருங்கள். 2005இல் யூனிலீவர் கென்யாவுக்கும் வரித் திணைக்களத்துக்கும் நடந்த வழக்கில் கம்பனி வென்றது. பரிமாற்ற விலைக்கு என்று கென்யா அதுவரை தன் சொந்த விதிகளை எழுதியிருக்கவில்லை, அதனால் கம்பனி சர்வதேச வழிகாட்டிகளைக் காட்டி வாதாடியது. அடுத்த வருடமே கென்யா விதிகளை எழுதியது. விதி எழுதினால் போதுமா என்றால், போதாது. ஒரு கம்பனியின் விலையைக் கேள்வி கேட்க, அந்தத் தொழிலும் தெரிந்த, கணக்கும் தெரிந்த ஆட்கள் திணைக்களத்தில் வேண்டும். அப்படிப்பட்டவர்களைப் பயிற்சி கொடுத்து எடுத்தால் இரண்டு வருடத்தில் மூன்று மடங்கு சம்பளத்துக்குத் தனியார் ஆலோசனை நிறுவனங்கள் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. என் கண் முன்னாலேயே சிலர் போனார்கள்.

சட்டப்படி சரி என்றால் அப்புறம் என்ன தப்பு? நீங்களும் வரியைக் குறைக்கத்தானே பார்ப்பீர்கள்?

இந்தக் கேள்வியை உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டார். நியாயமான கேள்வி. கம்பனி இயக்குநருக்குப் பங்குதாரர்களின் காசைக் காப்பாற்றும் கடமை இருக்கிறது என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான்.

எல்லாக் குறைப்பும் ஒரே மாதிரி இல்லை. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரைக்கும் வருமான வரி இல்லை என்று பாராளுமன்றம் சொன்னால், அதைப் பாவிப்பது சட்டம் சொன்னபடி நடப்பது. ஒரு கம்பனி தூர இடத்தில் தொழிற்சாலை போட்டதற்குக் கொடுத்த சலுகையை எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். சட்டத்தை எழுதினவர் எதை நினைத்து எழுதினாரோ அதுவே நடக்கிறது.

கோப்பிக் கொட்டை போகாத நாட்டில் கோப்பி இலாபம் சேர்வதை யாரும் நினைத்து எழுதவில்லை. அங்கே எந்த வேலையும் நடக்கவில்லை. மலையில் கொழுந்து எடுத்தது இன்னார், தொழிற்சாலையில் வாட்டி அரைத்தது இன்னார், லொறி ஓட்டினது இன்னார் என்று ஆள் காட்ட முடியும். அந்த லொறி ஓடின பாதை பொதுக் காசில் போட்டது. கணக்கு எழுதின பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அரசாங்கப் பள்ளிக்கூடம். கம்பனி வழக்குப் போனால் தீர்ப்புச் சொல்வது பொது நீதிமன்றம். இவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு சம்பாதித்த இலாபத்துக்கு, ஒரு பெயர்ப்பலகையும் இரண்டு நாற்காலியும் இருக்கிற அறையை வீடு என்று காட்டுவது எனக்குத் தப்பாகத்தான் படுகிறது. நான் நீதிபதி இல்லை. ஆனால் அம்மாவின் மூன்று கிலோவைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறதோ அதேதான் இதைப் பற்றியும் தோன்றுகிறது. அந்த மூன்று கிலோவுக்கும் தோட்டத்தில் ஒரு விதி இருந்தது, புத்தகத்தில் எழுதியே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வழிகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 2010இல் அக்ஷன்எயிட் அமைப்பு கானா நாட்டில் ஒரு பியர் ஆலையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆலை உலகத்தின் பெரிய பியர் குழுமம் ஒன்றுக்குச் சொந்தம். றோயல்டி நெதர்லாந்துக்கு, முகாமைக் கட்டணம் சுவிட்சர்லாந்துக்கு, கொள்வனவு மொரிஷியஸ் வழியாக. ஆலைக்குப் பக்கத்திலேயே பெட்டிக்கடை வைத்து அதே பியரை விற்ற பெண், அந்த ஆலையைவிடக் கூடுதலாக வருமான வரி கட்டியிருந்தார். குழுமம் தான் தவறு எதுவும் செய்யவில்லை என்றது. இருக்கலாம். பெட்டிக்கடைக்காரர் மொரிஷியஸில் கம்பனி திறக்க முடியாது, அதுதான் என் கவலை.

கம்பனிகள் ஒழுங்காக வரி கட்டினால் எங்கள் சம்பளம் கூடுமா?

நேராகக் கூடாது. சம்பளம் வேறு போராட்டம். ஆனால் இலாபமே இல்லை, அதனால் சம்பளம் கூட்ட முடியாது என்று மேசையில் சொல்லும்போது, அந்த இலாபம் எந்தக் கம்பனியின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்து காசு அனுப்புகிறார். வரி கட்டாததால் அதுவும் தவிர்ப்பா?

இல்லை, பயப்பட வேண்டாம். வருடத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலேயே இருப்பவர் வரிக் கணக்கில் இங்கே வசிக்காதவர். அவர் அங்கே உழைத்ததற்கு இங்கே வரி இல்லை. வீட்டுக்கு அனுப்பும் காசு அம்மா அப்பாவுக்கு வருமானமும் இல்லை. வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள், வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் கைமாற்றும் உண்டியல் வேண்டாம்.

தம்பி கொட்டகலையில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கம்பனிக்கு கம்பியூட்டர் வேலை செய்கிறான்?

அவனுக்கு வரி உண்டு. முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரலில் இருந்து, வெளிநாட்டுக் காசாக உழைத்து வங்கி வழியாகக் கொண்டுவந்தால், 18 இலட்சம் கழிவுக்கு மேல் உள்ளதற்கு உச்சமாக 15 சதவீதம். இங்கே வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே உழைத்தாலும் இங்கே கணக்கு உண்டு.

வெளிநாட்டில் கம்பனியோ வங்கிக் கணக்கோ வைத்திருந்தால் குற்றமா?

வைத்திருப்பது மட்டும் குற்றம் இல்லை. 2016இல் பனாமா ஆவணங்கள் ஒரு கோடியே 15 இலட்சமும், 2021இல் பண்டோரா ஆவணங்கள் ஒரு கோடியே 19 இலட்சமும் வெளியே வந்தபோது இலங்கையர் பெயர்களும் இருந்தன. பெயர் இருந்தாலே கள்ளன் என்று பலர் எழுதினார்கள், அது சரியில்லை. இங்கே வசித்துக்கொண்டு அந்த வருமானத்தை இங்கே காட்டவில்லை என்றால்தான் அது ஏய்ப்பு. ஆனால் யாருடைய காசு என்று தெரியாமல் இருப்பதற்காகவே பெட்டிக்குள் பெட்டி வைத்த கம்பனிகளில், எது தவிர்ப்பு எது ஏய்ப்பு என்று பிரிக்கவே முடியாமல் போகிறது. அதனால் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேடு பொதுவில் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

நம் அரசாங்கமே வரி விலக்கு கொடுக்கிறதே?

கொடுக்கிறது. 2021இல் வந்த கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தில் சில தொழில்களுக்கு 40 வருடம் வரை விலக்கு கொடுக்க இடம் இருந்தது. 40 வருடம் என்றால் இன்று காலைப் பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போகத் தொடங்கும் பிள்ளை பென்சன் வயதை நெருங்கிவிடும்.

இதில் புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 2021 அக்டோபரில் 136 நாடுகள் சேர்ந்து, வருடத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வருமானம் உள்ள பன்னாட்டுக் குழுமங்கள் எங்கே இருந்தாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்று உடன்பட்டன. அப்போது சேராத நான்கு நாடுகளில் இலங்கையும் ஒன்று. கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் மற்றவை. நாம் சேராவிட்டாலும் அது நம்மைத் தொடும். நாம் இங்கே விட்டுக்கொடுத்த வரியை அந்தக் கம்பனியின் சொந்த நாடு அங்கே வசூலித்துக்கொள்ளலாம். முதலீட்டாளருக்குச் சலுகை என்று நினைத்து நாம் விட்டது இன்னொரு நாட்டின் கஜானாவுக்குப் போகும். அமெரிக்கா 2025 ஜனவரியில் அந்த ஏற்பாட்டில் இருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டது, அதனால் எதிர்காலம் தெளிவாக இல்லை. இன்னொரு பக்கம் ஐக்கிய நாடுகள் சபையில் வரி ஒத்துழைப்புக்கு ஒரு பொது உடன்படிக்கை எழுதும் பேச்சு நடக்கிறது. பணக்கார நாடுகளின் அறைக்குள் முடிவாகிற விஷயம் எல்லா நாட்டுக்கும் வாக்கு உள்ள சபைக்கு வருவது நல்லது. நம் ஆட்கள் அங்கே வாய் திறந்து பேச வேண்டும்.

களவெடுக்கிற அரசாங்கத்துக்கு எதற்கு வரி கட்ட வேண்டும்?

ஒவ்வொரு முறையும் ஒருவராவது இதைக் கேட்பார், கோபம் புரிகிறது. 200 வருடம் உழைத்தும் இன்னும் லயத்தில் இருக்கிறோம். தோட்ட ரோட்டைப் பார்த்தால் வரிக் காசு எங்கே போனது என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் வரியைத் தவிர்க்கும் பெரிய கம்பனி அந்தக் கோபத்தில் தவிர்ப்பதில்லை. மிச்சப்படுத்தின காசில் லயம் திருத்துவதும் இல்லை. அரசாங்கத்துக்குக் காசு முடிந்தபோது யாரிடம் கை வைத்தது என்று பாருங்கள். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரிப் பிணைமுறிகளை (அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை) நீண்ட கால, குறைந்த வட்டிப் பிணைமுறிகளாக மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அவற்றின் வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீதம் என்று சட்டம் வந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த 8 சதவீதமும் கம்பனி போட்ட 12 சதவீதமும் சேர்ந்த காசு அது. அதை வேறு நாட்டுக்கு நகர்த்த உங்களிடம் ஆலோசகர் இல்லை. பெரியவர்களும் கட்டுகிற நாட்டில்தான் சின்னவர்கள் கணக்குக் கேட்டால் மதிப்பு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்ய முடியும்?

பெருந்தோட்டக் கம்பனிகள் பல கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானவை. அவற்றின் ஆண்டறிக்கை யாருக்கும் இலவசம், போனிலேயே இறக்கலாம். முன்பக்கத்துப் பச்சை மலைப் படங்களையும் தலைவர் செய்தியையும் தாண்டி நேராகப் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். ‘தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். யாருக்கு முகாமைக் கட்டணம் போனது, யாருக்கு எவ்வளவு விற்றார்கள், யாரிடம் கடன், என்ன வட்டி என்று அதில் தெரியும். அப்படி ஒரு தொகை இருந்தாலே தப்பு என்று அர்த்தம் இல்லை. மூன்று வருட அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலாபம் குறைந்த வருடத்தில் அந்தக் கட்டணம் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். அப்போதுதான் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைக்கும்.

போன மாதம் வகுப்பில் ஓர் அறிக்கையை இப்படித் திறந்தோம். ஆங்கிலத்தில் இருந்ததை நான் வாசித்துச் சொல்ல, முப்பது வருடம் கொழுந்து எடுத்த ஓர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கங்களை மட்டும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முகாமைக் கட்டணம் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, “தம்பி, இத தராசுல நிறுத்தது யாரு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதமாக எழுதியிருக்கிறோம், அந்தக் கம்பனியின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கொடுக்க. அதில் ஒரு பங்கு வாங்கினாலே கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். பங்கு வாங்குவதற்கான கணக்கு திறக்கும் படிவம் அடுத்த சனிக்கிழமை என்னிடம் இருக்கும்.